கூடமா, தனி அறையா?

தொரப்பள்ளிப் பக்கம் புது வீடு கட்டும் நண்பர் ஒருவர் நம்மிடம் யோசனை கேட்டார். பாட்டுக் கேட்பதற்கென்றே ஒரு தனி அறை வேண்டுமாம். கூடத்தில் குழந்தைகளின் கூச்சலும் சமையற்கட்டில் தாளிக்கும் ஓசையும் ராகத்தைக் கெடுக்கின்றனவாம்!

நண்பர் கட்சியில் நியாயம் இல்லாமலில்லை. வெறுஞ் சுவர் ஒலியைத் திருப்பி அடிக்கிறது. மூலையில் வைத்த ஒலிபெருக்கியில் மிருதங்கத்தின் தொப்பி நாதம் அளவு மீறி முழங்குகிறது. தனி அறையில் இவற்றை எளிதில் சீர்ப்படுத்தலாம்.

ஆனால் பழைய கதை ஒன்றும் உண்டு. 1938-ஆம் வருஷம் ஜூன் 16-ந் தேதி சென்னை வானொலி நிலையம் துவங்கியது. அப்போது மாகாணப் பிரதம மந்திரி, 1878-இல் இதே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. அந்நாளில் ரேடியோப் பெட்டி அபூர்வம். பெட்டி இருந்த வீட்டுக் கூடத்தில் அண்டை வீட்டாரும் வந்து அமர்ந்தார்கள். பாட்டி தலையசைத்தாள், பேரன் தாளம் போட்டான். யாரும் சொல்லிக் கொடுக்காமலே சங்கீத ஞானம் வளர்ந்தது.

தனி அறையில் நாதம் சுத்தமாகலாம். ஆனால் கேட்பவர் ஒருவரே! அவர் ரசனைக்கு வாரிசு ஏது?

ஆகையால் கூடத்தையே சீர் செய்யும்படி சொன்னோம். ஒலிபெருக்கி மூலையை விட்டு நகரட்டும்; சுவரோரம் புத்தக அலமாரி, ஜன்னலுக்குக் கனத்த திரை, தரையில் ஜமக்காளம் போதும்.

தாளிக்கும் ஓசைக்குப் பரிகாரம்? நண்பரே சற்று முன்னதாகச் சமையற்கட்டில் ஒத்தாசை செய்தால், வீட்டு அம்மாளும் கூடத்தில் வந்து அமர்ந்து பாட்டுக் கேட்கலாமல்லவா?