அளந்த பின் அவிழ்ப்போம்!



காய்ச்சல் என்று போனால் மருத்துவர் முதலில் வெப்பமானியைத்தான் எடுக்கிறார். எடுத்த எடுப்பில் கத்தியைத் தூக்குபவரிடம் நாம் உடலை ஒப்படைப்போமா? மாட்டோம். ஆனால் வண்டிக்கு நோய் வந்தால் மட்டும், அளவில்லை, ஆராய்ச்சியில்லை. "இன்ஜினைப் பிரித்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போய்விடுகிறோம்! இந்தத் தவற்றைச் செய்தவன் நான். ஆகவே உரிமையோடு எழுதுகிறேன்.

பெங்களூரில் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் மீது மாணவர்களுக்குள்ள மோகம் சொல்லி முடியாது. பக்கத்து மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961 முதல் 1996 வரை ஜாவாவும் எஸ்டியும் செய்து அனுப்பியது. 1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியும் 1996-இல் நின்றுபோயிற்று. இன்று கைமாறும் ஒவ்வொன்றும் நம்மில் பலரைவிட வயதில் மூத்தது! அப்படியொரு மூத்த வண்டியை, இரண்டாண்டுகள் டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில் வாங்கினேன்.

ஒரே மாதத்தில் மேட்டில் மூச்சு வாங்கிற்று. காலையில் கிளப்புவதற்குள் கால் ஓய்ந்தது. பட்டறைக்குத் தள்ளிச் சென்றேன். பெரியவர் கிக்கரைக் கையால் இரண்டுமுறை அழுத்தினார். "தம்பி, கம்ப்ரஷன் போயிடுச்சு. போர் அடிச்சுப் பிஸ்டன் மாத்தணும்" என்றார். "சரி அண்ணே" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு விலை, விடுதியில் நான்கு மாதச் சாப்பாட்டுக் கட்டணம். ஊரில் அப்பாவிடம் பொய் சொல்லி வாங்கிய பணம் அது.

புதுப் பிஸ்டன் வந்தது. பழைய நோய் போகவில்லை!

பிறகுதான் இயந்திரவியல் பயிலும் நண்பனின் உதவியை நாடினேன். அவன் கேட்ட முதல் கேள்வியே என்னைத் தலைகுனிய வைத்தது: "எத்தனை பவுண்டு காட்டியது?" யாரும் அளக்கவே இல்லையே!

அளப்பது பெரிய வித்தை அன்று. இன்ஜினைச் சற்றுச் சூடாக்கி நிறுத்துக. பிளக்கைக் கழற்றி, அதன் கம்பியை வண்டியின் உடம்போடு சேர்த்து வைத்துவிட்டு, அந்தத் துளையில் அளவியைத் திருகுக. ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து பிடித்து, ஊசி மேலே ஏறாமல் நிற்கும்வரை உதைக்க. ஆக்சிலேட்டரைத் திறக்காவிட்டால் உள்ளே காற்றுப் போகாது. நல்ல இன்ஜினும் நோயாளிபோல் தோன்றும்.

ஊசி தாழ்ந்து நின்றால்? இவ்வகை டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் ஹெட்டில் வால்வு இல்லை. எனவே கசியும் வழிகளும் சில. ரிங்கும் போரும், ஹெட் கேஸ்கெட், பிளக் துளை, ஓட்டை விழுந்த பிஸ்டன் தலை, அவ்வளவுதான். பிளக் துளை வழியாக ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தால், ஊசி நன்றாக ஏறினால் ரிங் பக்கம் ஐயப்படலாம். ஏறாவிட்டால் கேஸ்கெட் பக்கம் பார்க்கலாம். சைலன்சரைக் கழற்றினால் புகை வெளியேறும் வாய் வழியாகப் பிஸ்டனின் பக்கமே கண்ணுக்குத் தெரியும். கீறல் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்கலாம். இவ்வளவும் இன்ஜினைப் பிரிக்காமலே!

என் வண்டியில் ஊசி 108-இல் நின்றது. சென்னையில் ஒரு நண்பரின் அதே வகை வண்டி 120 காட்டியதாம். "புதுப் பிஸ்டனும் வீணா?" என்று பதறினேன். நண்பன் சிரித்தான். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். இங்கே காற்றழுத்தமே ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையின் 120 இங்கே 108 ஆவது இயற்கை. எண் தெரிந்தால் போதாது. எந்த ஊர் எண் என்பதும் தெரிய வேண்டும் அன்றோ?

அப்படியானால் நோய் எங்கே? டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு மேலே ஓர் அமுக்கம். கீழே, கிராங்க் அறையில் இன்னோர் அமுக்கம். கீழுள்ளதுதான் பெட்ரோல் கலந்த காற்றை மேலே தள்ளுகிறது. பிளக் துளையில் வைத்த அளவி கீழ்க் கசிவைக் காட்டாது. ஆகவே கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்து, 6 பவுண்டு அழுத்தத்துக்குக் காற்றடித்தோம். நிமிடத்துக்கு ஒரு பவுண்டுக்கு மேல் இறங்கினால் கசிவு என்பது பழகியவர்கள் விதி. எங்கள் ஊசி விழுந்தே போயிற்று! சோப்பு நீர் தடவினோம். மேக்னட் பக்கத்து ஆயில் சீலில் குமிழி பொங்கிற்று. கையளவு ரப்பர் வளையம். அதை மாற்றியதும் வண்டி பாய்ந்தது.

பெரியவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கைக்கு நாற்பதாண்டு அனுபவம் உண்டு. கை தவறலாம், அதனால்தான் அளவி பிறந்தது. குற்றம் கேட்காத என்னுடையது. அந்தப் பழைய போர் நன்றாக இருந்ததா, தேய்ந்திருந்ததா? இனி யாராலும் சொல்ல முடியாது. வெட்டிய இரும்பு திரும்புமா? கால் மில்லிமீட்டராகச் சில முறைதான் போரை வெட்டலாம். அதில் ஒரு முறையை அறியாமைக்குப் பலி கொடுத்தேன்.

"அளவி வாங்கப் பணம் ஏது?" என்பார் சிலர். ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை. நம் மன்றம் ஒன்று வாங்கிப் பொதுவில் வைக்கட்டும். பழைய வண்டி வாங்கப் போகும் மாணவன் அதைச் சட்டைப்பையில் போட்டுச் செல்லட்டும். விலை பேசுமுன் அளக்கட்டும். விற்பவர் அளக்க விடாவிட்டால், அதுவே விடை!

பட்டறையில் நின்று "ஏன்?" என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. கல்லூரியில் கேள்வி கேட்கப் பயின்ற நாம், கைப்பணம் போகும் இடத்தில் வாய் மூடி நிற்பது என்ன படிப்பு?

முதலில் அளப்போம். அளந்ததை உணர்வோம். அதன் பிறகு, தேவையென்றால் மட்டும், அவிழ்ப்போம்!