வான்பரப்பை மூடுவது யார்?

2014 ஜூலை 17இல் கிழக்கு உக்ரேன் வானில் மலேசிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதில் 298 பேர் பலியாகினர். இதில் ரஷ்யா தனது கடப்பாடுகளை மீறியுள்ளதென சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பேரவை தீர்மானிப்பதற்கு 2025 மே வரை காத்திருக்க நேர்ந்தது. ரஷ்யா அதனையும் நிராகரித்துவிட்டது.

எனினும், நாம் சுட்டிக்காட்ட விரும்புவது வேறொன்றையாகும். அன்று உக்ரேன் மூடியிருந்தது 32,000 அடி வரையான வான்பரப்பை மட்டுமே. விமானம் பறந்ததோ 33,000 அடியில். அதே நாளில் சுமார் 160 பயணிகள் விமானங்கள் அவ்வழியே சென்றிருந்தன. 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கைப்படி வான்பரப்பு அந்தந்த நாட்டின் இறைமைக்குட்பட்டது. சர்வதேச அமைப்பு எச்சரிக்கலாமே தவிர மூட முடியாது. போரில் சிக்கிய அரசாங்கமோ வருமானத்தை இழக்கவும், வான் தன் கட்டுப்பாட்டில் இல்லையென ஒப்புக்கொள்ளவும் தயங்கவே செய்யும்.

2020 ஜனவரியில் தெஹ்ரானிலிருந்து புறப்பட்ட உக்ரேனிய விமானம் 176 பேருடன் வீழ்த்தப்பட்டபோதும் ஈரானிய வான்பரப்பு திறந்தே இருந்தது.