ஏழு மணி வண்டி

கோபிசெட்டிபாளையத்தில் ரயில் நிலையம் கிடையாது. தண்டவாளம் பார்க்க ஈரோட்டுக்கோ திருப்பூருக்கோதான் போக வேண்டும். அதனால் இங்கே பஸ்தான் எல்லாம். விடிந்ததும் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். தூக்குப்போசியும் தோள்பையுமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குக் கிளம்பும் பெண்கள், கோவைக் கல்லூரிப் பிள்ளைகள். "ஏனுங்கண்ணா, குன்னத்தூர் நிக்குங்களா?" என்று ஓர் அக்கா கேட்க, "இது பாயிண்ட் டு பாயிண்ட்டுங்க, நிக்காது" என்று கண்டக்டர் விசிலடிக்கிறார். அந்த அக்காவுக்கு மிச்சம் அடுத்த வண்டிக்கான காத்திருப்பு.

விரைவு வண்டி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கோவை காந்திபுரம் போய்ச் சேர ஊரூராய் நிற்கும் வண்டியில் ஏறினால் பாதி நாள் உழைப்பு பஸ்ஸிலேயே கரைந்துவிடும். ஆனால் எக்ஸ்பிரஸ் என்றால் எங்குமே நிற்காதது என்று ஏன் பொருள் கொள்ள வேண்டும்? குன்னத்தூர், பெருமாநல்லூர், அவிநாசி என்று மூன்றே இடத்தில் நிறுத்தினால் எவ்வளவு நேரம் போய்விடும்? கட்டணமும் ஒரு சிக்கல்தான். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நல்ல திட்டம். தொலைதூர வேலைக்குப் போகிறவளுக்கோ அந்தச் சலுகை பாதி வழியிலேயே முடிந்துவிடுகிறது. வேலை நேரத்து விரைவு வண்டிகளில் அவளுக்கு மாதாந்திரச் சலுகைச் சீட்டாவது கொடுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பவும் ஒரு வண்டி விடுங்கள்.