விற்றபின்னும் விடாத கை

கல்தச்சனிடம் அம்மி வாங்கியவள் வீட்டில் அவ்வம்மி மூன்று தலைமுறைக்குக் கிடந்து அரைக்கும். தச்சன் ஊரை விட்டுப் போனாலும், தொழிலையே கைவிட்டாலும், இறந்தே போனாலும் அம்மிக்கு அவற்றால் ஆவதொன்றுமில்லை. தேய்ந்தால் கொத்திக் கொடுக்க வேறொரு தச்சன் கிடைப்பான். விலை கொடுத்த அந்தப் பொழுதிலேயே விற்றவன் கை நீங்கி, வாங்கியவள் கை அதன்மேல் ஏறிற்று. விற்றல், வாங்கல் என்னும் சொற்களுக்குத் தமிழன் கண்ட பொருள் இதுவேயாம்.

இன்று கடைத்தெருவில் புதிது புதிதாக வந்து குவியும் மின்கருவிகளும் இணையப் பணிகளும் அப்பொருளை ஓசையின்றி மாற்றிக்கொண்டு வருகின்றன. விலை முழுவதையும் எண்ணிப் பெற்றுக்கொண்ட பின்னும் விற்றவனுடைய கை பொருளை விட்டு நீங்குவதில்லை. அக்கை கண்ணுக்குத் தெரியாமையின், அஃது இல்லையென்றே மக்கள் கருதிக்கொள்கின்றனர். அது தன்னைக் காட்டிக்கொண்ட நாள்களும் உண்டு.

2009 சூலைத் திங்களில் அமேசான் நிறுவனத்தின் கிண்டில் என்னும் மின்னூற் படிப்பியை வைத்திருந்த அமெரிக்கர் பலர், தாம் விலைகொடுத்து வாங்கியிருந்த நூல்கள் இரண்டு அதனுள் இல்லாமை கண்டனர். அந்நாட்டில் அவற்றை வெளியிடும் உரிமையில்லாத ஒருவர் விற்றவை அவை என்று நிறுவனம் பின்னர் விளக்கம் கூறிற்று. நூல்களை அழித்தவர் எவரும் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. தொலைவிலிருந்தே ஒரு கட்டளையிட்டு அழித்தனர். அழிந்த நூல்கள் எவை? சியார்ச்சு ஆர்வெல் எழுதிய '1984' என்பதும் 'விலங்குப் பண்ணை' என்பதுமாம்! எழுதப்பட்டவற்றையெல்லாம் ஆட்சியாளர் அழித்தும் திருத்தியும் வைத்த ஒரு நாட்டைப் பற்றிய கதையை, அக்கதையில் வருமாறே அழித்தனர் என்றால், இதைவிடப் பொருத்தமான நூலை அவர்கள் தேடியும் எடுத்திருக்க முடியாது. பள்ளி மாணவன் ஒருவன் '1984' நூலைக் குறிப்பெழுதிப் படித்துக்கொண்டிருந்தான். நூல் போனபின், எஞ்சிய குறிப்புகள் எந்த வரிக்கு உரியவை என்று காண வழியில்லாமற் போயிற்று. அவன் வழக்குத் தொடுத்தான். நிறுவனத் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

விலையைத் திருப்பித் தந்துவிட்டனரே என்பார் உளர். ஒருவன் வீட்டு நூலடுக்கிலிருந்து அவனறியாமல் நூலை எடுத்துக்கொண்டு, அவ்விடத்தில் அதன் விலையை வைத்துவிட்டுப் போவதை எந்த ஊரார் வணிகம் என்பர்? பத்தாண்டு கழித்து, 2019-இல், மைக்ரோசாப்டு நிறுவனமும் தன் மின்னூற் கடையை மூடியது. அவ்வாண்டு சூலையில், அதுவரை விற்கப்பட்ட நூல்கள் அனைத்தும் வாங்கியவர்தம் கருவிகளில் படிக்கவியலாதனவாயின. இங்கும் விலை திரும்பி வந்தது. நூலின் ஓரத்தில் குறிப்பெழுதி வைத்திருந்தவர்க்கு மட்டும் 25 தாலர் மிகுதியாகக் கிடைத்தது. படிப்பவன் உழைத்து எழுதிய கருத்துக்கும் விற்றவனே விலை குறித்தான்.

நூல் கையில் தொட்டுணரும் பொருளன்று, மின்வடிவம்தானே என்று கருதுவார்க்கு இரிவால்வு என்னும் பெட்டியின் கதையைச் சொல்ல வேண்டும். வீட்டு விளக்கு, பூட்டு முதலியவற்றைக் கைப்பேசி வழியே இயக்குதற்கென ஏறத்தாழ 300 தாலருக்கு விற்கப்பட்ட பெட்டி அது. வாழ்நாள் முழுமைக்கும் பணி உண்டென்று சொல்லியே விற்றனர். 2014-இல் அந்நிறுவனத்தைக் கூகிளைச் சார்ந்த நெசுட்டு நிறுவனம் வாங்கிக்கொண்டது. பெட்டி விற்பது நின்றது. 2016 மே 15-ஆம் நாள், அப்பெட்டிகளை இயக்கிவந்த வழங்கியை அணைத்துவிட்டனர். வீடுகளில் இருந்த பெட்டிகள் உடையவில்லை, பழுதுறவில்லை, மின்சாரமும் நிற்கவில்லை. ஆயினும் அந்நாள் முதல் அவை வெற்றுப் பெட்டிகளாயின. வாழ்நாள் என்றது வாங்கியவனுடைய வாழ்நாளன்று என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

தொடர்பு அறாதிருப்பதால் நன்மையும் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. நிரலில் ஓட்டை கண்டால் விற்றவனே தொலைவிலிருந்து அடைத்துத் தருகின்றான். திருடர் புகாமல் காக்கின்றான். அம்மிக்கு அந்தத் தேவையில்லை, கணிப்பொறிக்கு உண்டு. ஆனால் கூரை வேய வருபவனுக்கு ஏணி வேண்டும் என்பது உண்மையாயின், அவ்வேணியை வீட்டுக்குள்ளேயே நிலையாகச் சாத்திவைத்து, வேண்டியபோதெல்லாம் இறங்கி வந்து பொருள்களை எடுத்துப்போக அவனுக்கு இசைவு தந்தாக வேண்டுமா என்பதே கேள்வி. செப்பனிடுவதற்கான வழியும் செயலிழக்கச் செய்வதற்கான வழியும் ஒன்றாகவே இருக்க வேண்டுமென்று எந்த அறிவியலும் கூறவில்லை. அவ்வாறு அமைத்தது வணிகம்.

இக்கருவிகள் அனைத்தினும் பெரியதொரு வாயில் உண்டு. அதுவே உலாவி. இணையத்தில் படிப்பது, எழுதுவது, பணம் கட்டுவது, தொடர்வண்டிக்குச் சீட்டெடுப்பது ஆகிய அனைத்தும் பெரும்பாலும் அதன் வழியேதான் நிகழ்கின்றன. விலையின்றிக் கிடைப்பதால் அதைப் பற்றி எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. விலையில்லாத வாயிலுக்காக நிறுவனங்கள் முப்பதாண்டுகளாக ஏன் இவ்வாறு முட்டி மோதுகின்றன என்று ஒருகால் எண்ணினால், வாயிலின் உண்மை விலை தெரியவரும்.

1994-இல் வெளிவந்த நெட்சுகேப்பு உலாவியே தொடக்கத்தில் முன்னின்றது. மைக்ரோசாப்டு தன் இன்டர்நெட் எக்சுபுளோரரை விண்டோசு இயக்க ஏற்பாட்டோடு சேர்த்தே கொடுத்தது. கணிப்பொறி வாங்கினால் உலாவி உள்ளேயே இருக்கும்போது வேறொன்றை நாடுவார் யார்? 1998-இல் அமெரிக்க அரசு வழக்கிட்டது. வழக்கு நடந்து முடிவதற்குள் நெட்சுகேப்பு வீழ்ந்தது. பின்னர் நிகழ்ந்ததே கருதத்தக்கது. எதிர்ப்பின்றி ஆண்ட மைக்ரோசாப்டு, 2001-இல் ஆறாம் பதிப்பை வெளியிட்டபின் ஏழாம் பதிப்பை 2006-இல்தான் வெளியிட்டது. ஐந்தாண்டு! கணிப்பொறித் துறையில் அஃது ஓர் ஊழி. போட்டியாளன் இருந்தபோது ஆண்டுதோறும் வளர்ந்த உலாவி, அவன் வீழ்ந்ததும் உறங்கிற்று. நெட்சுகேப்பின் நிரலிலிருந்து மொசில்லா என்னும் தொண்டமைப்பினர் எழுப்பிய பயர்பாக்சு 2004 நவம்பரில் வந்து தட்டிய பிறகே அவ்வுறக்கம் கலைந்தது.

2008-இல் கூகிளின் குரோம் வந்தது. விரைவாக இயங்கியது, மக்கள் விரும்பினர். அதில் குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் இன்று உலகில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அவ்வொன்றின் வழியாகவே இணையத்தைக் காண்கின்றனர். பழைய பகைவனாகிய மைக்ரோசாப்டே தன் எட்சு உலாவியைக் குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தின்மேல் அமைக்கப்போவதாக 2018 திசம்பரில் அறிவித்தது. ஓப்பரா அதற்கும் முன்னரே அவ்வழி சென்றது. பெயர்ப்பலகைகள் பல, அடித்தளம் ஒன்று. தனித்த உள்ளியக்கம் உடையனவாய் நிற்பவை ஆப்பிளின் சபாரியும் பயர்பாக்சுமே எனலாம். அப்பயர்பாக்சை ஆக்கும் மொசில்லாவுக்கு வரும் வருவாயில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது? கூகிளைத் தேடுபொறியாக அதில் வைத்திருப்பதற்காகக் கூகிள் தரும் தொகையிலிருந்து! எதிர்த்து நிற்பவனுக்கும் படியளப்பவன் அவனேயாக இருக்கின்றான். பயர்பாக்சைப் பரிந்துரைப்பவர் இதனை மறைத்துப் பேசுதல் முறையன்று.

வாயிலின் விலை என்ன என்பது அமெரிக்க வழக்குமன்றத்தில் வெளிப்பட்டது. உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் தன் தேடுபொறியே முதலில் நிற்கவேண்டும் என்பதற்காகக் கூகிள் 2021-ஆம் ஆண்டில் மட்டும் பிறர்க்குக் கொடுத்த தொகை 2,630 கோடித் தாலர். 2022-இல் ஆப்பிளுக்கு மட்டும் 2,000 கோடித் தாலர். பயன்படுத்துவோர் விரும்பினால் ஒரு நொடியில் தேடுபொறியை மாற்றிக்கொள்ளலாம். அதைத் தடுக்கும் பூட்டு ஏதுமில்லை. அங்ஙனமிருந்தும் இத்துணைக் கோடிகளை ஒருவன் கொட்டுகின்றான் எனின், அவர்கள் மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்பதை அவன் துல்லியமாக அறிந்திருக்கின்றான் என்பதே பொருள். மக்களின் மடியே அங்கு விலைபேசப்பட்ட சரக்கு. கூகிள் சட்டத்துக்கு மாறாகத் தேடுதுறையில் தன் தனியாளுமையைக் காத்துக்கொண்டது என்று 2024 ஆகத்து 5-ஆம் நாள் நடுவர் தீர்ப்பளித்தார். குரோமை விற்றுவிட வேண்டும் என்று அரசு கேட்டதை 2025 செப்டம்பரில் அவர் ஏற்கவில்லை. பிறர்க்கு இடமில்லாதபடி செய்யும் தனியுரிமை ஒப்பந்தங்களைத் தடுத்தார்.

ஐரோப்பியர் வேறு வழி கண்டனர். விண்டோசு வாங்குபவர் முன் பல உலாவிகளையும் வரிசையாகக் காட்டி, விரும்பியதை எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று மைக்ரோசாப்டை 2009-இல் உடன்பட வைத்தனர். அவ்வுறுதியை ஓராண்டுக்கு மேல் கடைப்பிடிக்கத் தவறியமைக்காக 2013-இல் அந்நிறுவனத்துக்கு விதித்த ஒறுப்புத்தொகை 56.1 கோடி யூரோ.

இவையெல்லாம் மேலைநாட்டாரின் வழக்குகள், தமிழருக்கு என்ன என்று வாளாவிருத்தற்கில்லை. தமிழ் எழுத்து இணையத்தில் ஏறிய காலத்திலேயே இப்பாடம் தமிழருக்குக் கிடைத்தது. தொடக்கக் காலத்தில் இதழ்கள் பலவும் தத்தமக்கென ஓர் எழுத்துருவும் குறிமுறையும் வைத்திருந்தன. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படித்தால் பொருளற்ற குறிகளே தெரியும். பக்கத்தோடு தானே இறங்கும் எழுத்துருவைச் சிலர் பயன்படுத்தினர். மைக்ரோசாப்டு வகுத்த அவ்வடிவமோ இன்டர்நெட் எக்சுபுளோரரில் மட்டுமே இயங்கும். ஒரு நிறுவனத்தின் வாயில் வழியே போனால் தமிழ். வேறு வாயில் வழியே போனால் குப்பை! எந்நிறுவனத்துக்கும் தனியுடைமை ஆகாத பொதுக் குறிமுறையாகிய ஒருங்குறி வேரூன்றிய பின்னரே அந்நிலை மாறிற்று. தமிழ்நாட்டரசும் 2010-இல் அதனைத் தரப்பாடாக ஏற்றது. ஒருங்குறியில் தமிழுக்கு இடம் ஒதுக்கிய முறை குறித்து அறிஞரிடையே மாறுபாடு இருந்தது உண்மை. ஆயினும் இன்று எந்த உலாவியிலும் எந்தக் கைப்பேசியிலும் தமிழ் தெரிகிறதென்றால், பொதுவுடைமையான அக்குறிமுறையே கரணியம்.

எழுத்துருவில் கற்ற பாடத்தை எழுதியவற்றைக் காப்பதில் தமிழர் கடைப்பிடித்தனரா? இல்லை. யாகூ நிறுவனத்தின் சியோசிட்டீசு விலையின்றி இடம் தந்தது என்று அங்கே பக்கங்கள் அமைத்தனர். அமெரிக்காவில் அது 2009 அக்டோபரில் மூடப்பட்டது. அதே நிறுவனத்தின் மடற்குழுக்களில் மரத்தடி, அகத்தியர் முதலான பெயர்களில் உலகத் தமிழர் கூடிப் பேசினர். இலக்கணமும் கதையும் பாட்டும் சொல்லாய்வும் சண்டையும் சேர்ந்த பேரவை அது. 2019 அக்டோபரில் யாகூ அறிவிப்பு விடுத்தது. சில திங்களுக்குள் பழைய மடல்கள் நீக்கப்பட்டன. 2020 திசம்பர் 15-இல் குழுக்கள் அனைத்தும் முடிந்தன. விழிப்புடையோர் சிலர் தம்மால் இயன்ற மட்டும் படியெடுத்துக் காத்தனர். எஞ்சியவை கறையான் தின்ற ஓலையினும் கீழாய்ப் போயின. ஓலையிலாவது துணுக்குகள் மிஞ்சும்.

இதற்கு எதிராக மற்றொன்று நிற்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், ஊதியமின்றி உழைப்போரைக் கொண்டு பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, எவரும் இறக்கிக்கொள்ளலாம், எவரும் படியெடுத்துப் பிறர்க்குக் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டது. தகுதரக் குறிமுறையில் இருந்தவற்றைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றினர். அந்நூல்களின் படிகள் இன்று எத்தனை கணிப்பொறிகளில் உள்ளன என்று எவராலும் எண்ணவியலாது. ஆகவே, எவராலும் ஒரு கட்டளையால் அழிக்கவும் இயலாது. கோடிகள் புரளும் நிறுவனத்தால் காக்கவியலாததை, கையில் காசில்லாத தொண்டர் காத்த கரணியம் இவ்வளவே.

எனவே, கருவி வாங்கப் போகின்றவர் கடைக்காரரிடம் வண்ணத்தையும் பருமனையும் கேட்கும் முன் வேறு சில கேள்விகளைக் கேட்டல் வேண்டும். இணையத் தொடர்பு அறுந்தால் இஃது இயங்குமா? ஆக்கிய நிறுவனம் மூடப்பட்டால் இயங்குமா? இதனுள் இட்டவற்றை வேறொரு கருவிக்கு எடுத்துச் செல்ல முடியுமா? மின்கலம் தேய்ந்தால் வேறிட முடியுமா? கடைக்காரர் விழிப்பார், அவரை யாரும் இவ்வாறு கேட்டதில்லை. கேட்பார் பெருகினால் விடை தானே வரும். பழைய மின்கலம் உள்ள கைப்பேசிகளின் விரைவைத் தானே குறைத்ததை 2017 திசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டதும், மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 தாலரிலிருந்து 29 தாலராகக் குறைத்ததும், வாங்கியோர் கேட்ட கேள்வியால் நிகழ்ந்தவையே. பயன்படுத்துவோரே எளிதில் மின்கலத்தைக் கழற்றி மாற்றுமாறு கருவிகள் அமையவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய சட்டத்தின் அப்பகுதிக்கு 2027 பிப்பிரவரி 18 என்று நாளும் குறித்துள்ளனர். இந்திய அரசு 2022 திசம்பரில் செப்பனிடும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் திறந்தது. அது நிறுவனங்கள் தரும் செய்திகளைத் தொகுத்துக் காட்டும் பலகை, சட்டமன்று.

எழுதுவோர்க்கு ஒன்று. பிறன் திண்ணையில் எழுதுதல் தவறன்று. திண்ணையில்தான் ஆள்கள் கூடுவர். எழுதியதன் ஒரு படியைத் தம் கையில், ஒருங்குறியில், எந்த நிரலாலும் திறக்கத்தக்க எளிய கோப்பாக, இரண்டு வேறு இடங்களில் வைத்துக்கொள்ள அரைமணி நேரமும் ஒரு நினைவுக்குச்சியும் போதும். யாகூவின் அறிவிப்பு வந்த அந்த அக்டோபரில் அவ்வரைமணி கிடைக்காதவர் பலர்.