400 ஆண்டு கடித சேவைக்கு முற்றுப்புள்ளி: டென்மார்க்கில் 1,500 தபால் ஊழியர்களின் வேலை போனது ஏன்?

2025 டிசம்பர் 30. டென்மார்க்கின் அரசு தபால் நிறுவனமான போஸ்ட்நார்டு, அங்கு தனது கடைசி கடிதத்தை விநியோகித்த நாள். 1624-ல் தொடங்கிய தபால் சேவையில் இனி பார்சல் மட்டும்தான், கடிதம் கிடையாது.

இந்த முடிவு 2025 மார்ச்சிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. அப்போது டென்மார்க்கில் நிறுவனத்துக்கு சுமார் 4,600 ஊழியர்கள். அதில் 1,500 பேருக்கு, அதாவது கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு, வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தெருவில் நின்ற 1,500 சிவப்பு தபால் பெட்டிகளையும் ஜூன் முதல் அகற்றத் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி என்பது போல ஒரு கணக்கு!

கடிதங்கள் எங்கே போயின?

2000-ல் டென்மார்க்கில் அனுப்பப்பட்ட கடிதங்கள் சுமார் 140 கோடி. 2024-ல் வெறும் 11 கோடி. 90 சதவீதத்துக்கும் மேல் காலி.

வாட்ஸ்அப்பும் இமெயிலும் வந்தால் இப்படித்தானே ஆகும் என்று தோன்றலாம். ஆனால் அவை எல்லா நாட்டிலும்தான் இருக்கின்றன. டென்மார்க்கில் இவ்வளவு வேகமாகச் சரிந்ததில் அரசுக்கே பெரிய பங்கு உண்டு. தபால்காரர் பையில் அதிகம் இருப்பது காதல் கடிதமா என்ன? பில்லும் நோட்டீஸும்தான். 2014 முதல் 'டிஜிட்டல் போஸ்ட்' என்ற ஆன்லைன் அஞ்சல்பெட்டி கட்டாயமானது. வரி நோட்டீஸ், மருத்துவமனை அப்பாயின்ட்மென்ட், பென்ஷன் தகவல் எல்லாம் செல்போனுக்கே வர ஆரம்பித்தன. பை காலியானது.

அடுத்த அடி, 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய தபால் சட்டம். நாடு முழுக்க கடிதம் கொண்டுசேர்க்க வேண்டும் என்ற கடமையிலிருந்து போஸ்ட்நார்டு விடுபட்டது. கடிதத்துக்கு இருந்த வாட் வரி விலக்கும் போனது. சாதாரண கடிதம் அனுப்பவே 29 குரோனர், நம்ம ஊர் பணத்தில் 350 ரூபாய்க்கு மேல். இந்த விலைக்கு யார் கடிதம் போடுவார்கள்? எண்ணிக்கை இன்னும் குறைந்தது.

இத்தனைக்கும் போஸ்ட்நார்டில் 60 சதவீத பங்கு ஸ்வீடன் அரசுடையது, 40 சதவீதம் டென்மார்க்குடையது. ஒரே நிறுவனம்தான். ஆனால் ஸ்வீடனில் அது தொடர்ந்து கடிதம் விநியோகிக்கிறது.

பாதிப்பு யாருக்கு?

வேலை இழந்தவர்களுக்கு அடுத்தபடியாக, முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும். டிஜிட்டல் போஸ்ட்டில் இருந்து விலக்கு பெற்று காகிதக் கடிதத்தையே நம்பியிருப்பவர்கள் இன்னும் 2.5 லட்சத்துக்கும் அதிகம். அவர்களுக்கான கடிதங்களை இனி 'டாவோ' என்ற தனியார் நிறுவனம் கொண்டுவரும். பதில் போட வேண்டுமென்றால், தெருமுனை சிவப்புப் பெட்டி இல்லை. டாவோவின் பார்சல் கடையைத் தேடிப் போக வேண்டும், அல்லது கூடுதல் பணம் கட்டி வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.