முதலைத் தொடாத சுற்றுலா

தில்லி லோதி ரோட்டையொட்டிய லோதி தோட்டத்தில், 1517-ஆம் ஆண்டு மறைந்த சிக்கந்தர் லோதியின் கல்லறையும், அதனினும் பழைய கட்டடங்கள் சிலவும் நிற்கின்றன. ஐந்து நூற்றாண்டுகளின் வெயிலையும் மழையையும் தாங்கிய இத்தகைய சுவர்களில், காண வருவோர் சிலர் தம் பெயரைக் கீறிச் செல்கின்றனர். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சிதைப்போருக்கு இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் எனச் சட்டம் 2010-இல் கடுமையாக்கப்பட்டது. ஆயினும் தண்டனை, கீறல் விழுந்த பின்னரே வருகிறது.

மலைகளும் இவ்வாறே நலிகின்றன. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் வாகன எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. அவ்வரம்பை நாம் வரவேற்கிறோம்.

சுற்றுலா பல குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. அதனாலேயே அது நிலைக்க வேண்டும். வட்டியில் வாழ்பவர் முதலைத் தொடுவதில்லை. முன்னோர் விட்டுச்சென்ற கல்லும் காடும் நம் முதல். கண்டு மகிழ்வது அதன் வட்டி. வரும் விடுமுறையில் நெரிசலற்ற நாளைத் தேர்ந்து, நெகிழியைத் தவிர்த்து, சுவரில் கை வையாது திரும்புவோம். உடன் வரும் பிள்ளைகளுக்கும் இக்கணக்கைச் சொல்லிக் கொடுப்போம்.