மாமா கூட இருந்தாதான் கணக்கு!

"அவளுக்கு என்னப்பா, கனடா பி.ஆர். இருக்கு"ன்னு உங்க வீட்டுலயும் யாரையாவது பார்த்து பெருமூச்சு விட்டிருப்பாங்க. நானும் அந்தக் கோஷ்டிதான்... போன மாசம் வரைக்கும்!

போன மாசம் துபாய்ல இருந்து பெரியம்மா பொண்ணு போன். "டேய், இன்ஜினீயரிங்தானே படிக்கிற? ஒரு கணக்கு போட்டுக் கொடு"ன்னாங்க. என்னடா, வீட்டு லோன் வட்டியா இருக்கும்னு பேனாவை எடுத்தேன். இல்லை. அவங்க பி.ஆர். உயிரோட இருக்கா, செத்துப் போச்சான்னு பார்க்கற கணக்கு!

கதை இதுதான். மாமா கல்யாணத்துக்கு முன்னாடியே கனடா சிட்டிசன். அக்காவை ஸ்பான்சர் பண்ணினார். ஸ்கார்பரோல 160 நாள் குடித்தனம். அப்புறம் மாமாவுக்கு துபாய்ல தனியார் கம்பெனி வேலை, அக்காவும் பின்னாடியே போனாங்க. 220 நாள் ஓடுச்சு. பிரசவத்துக்கு திருச்சி வந்தாங்க. அந்த நேரம் பார்த்து மாமாவை சவுதி ப்ராஜெக்டுக்குத் தூக்கிப் போட்டாங்க. குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாத போஸ்டிங். அதனால அக்கா திருச்சியிலயே 1,146 நாள்! இப்போ மறுபடி துபாய்ல மூணு பேரும் சேர்ந்து 300 நாள் ஆச்சு. கூட்டிப் பாருங்க... 1,826. கரெக்டா அஞ்சு வருஷம். பி.ஆர். கார்டும் காலாவதி.

கார்டு காலாவதி ஆனா பி.ஆரும் போச்சுன்னு நம்ம ஊர்ல நிறைய பேர் நினைக்கிறாங்க. தப்பு. கார்டு வேற, அந்தஸ்து வேற. 2002-ல அமலுக்கு வந்த கனடா குடியேற்றச் சட்டப்படி, பி.ஆர். தானா ஆவியாகிடாது. ஒரு அதிகாரி கணக்கு பார்த்து "நீங்க நிபந்தனையை நிறைவேத்தலை"ன்னு முடிவு பண்ணி, அப்பீலும் தோத்தாதான் போகும். ஆனா கார்டு இல்லாம கனடா ஃப்ளைட்ல ஏத்த மாட்டாங்க. வெளிநாட்டுல இருந்தே ஒரு டிராவல் டாக்குமென்ட்டுக்கு விண்ணப்பிக்கணும். அங்கதான் கணக்கு வாத்தியார் உட்கார்ந்திருக்கார்!

கணக்கு என்ன? அஞ்சு வருஷத்துல 730 நாள் கனடாவுல இருக்கணும். இதுல ஒரு சலுகை. கணவனோ மனைவியோ கனடா சிட்டிசனா இருந்து, அவங்களோட வெளிநாட்டுல வாழ்ந்தா அந்த நாளும் கனடாவுல இருந்த மாதிரிதான்! இதைக் கேட்டுட்டுதான் ஊர்ல ஒரு விசா ஏஜென்ட், "புருஷன் சிட்டிசனா? கவலையை விடுங்க, எல்லா நாளும் ஆட்டோமேட்டிக்கா சேரும்"னு அக்காகிட்ட அடிச்சு விட்டிருக்கார்.

சேராது பாஸ்! விதி சொல்றது, வழக்கமா ஒரே வீட்டுல சேர்ந்து குடியிருக்கற நாள்தான் கணக்கு. தாலி இருந்தா மட்டும் போதாது. திருச்சியில இருந்த 1,146 நாளும் பூஜ்யம். மிச்சம் 160, 220, 300. மொத்தம் 680. ஐம்பது நாள் குறையுது!

இதுல செம காமெடி, குழந்தை. அப்பா சிட்டிசன்ங்கறதால திருச்சி ஆஸ்பத்திரியில பொறந்த நிமிஷமே அது கனடா சிட்டிசன். 730-ம் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பெத்தவங்க மட்டும் விரல் விட்டு எண்ணிட்டிருக்காங்க.

"அவ்வளவுதானே, இன்னும் 50 நாள் துபாய்ல இருந்துட்டு விண்ணப்பிக்கலாமே"ன்னுதான் எனக்கும் முதல்ல தோணுச்சு. அப்புறம்தான் பொறி தட்டுச்சு. நெட்வொர்க்ஸ் பேப்பர்ல ஸ்லைடிங் விண்டோ படிச்சிருக்கீங்களா? அதேதான் இது. அதிகாரி பார்க்கறது, பரிசோதிக்கற நாள்ல இருந்து பின்னாடி அஞ்சு வருஷம். ஒரு நாள் முன்னாடி போனா, இந்தப் பக்கம் ஒரு துபாய் நாள் உள்ளே வரும்; அந்தப் பக்கம் ஒரு ஸ்கார்பரோ நாள் வெளியே விழும். ரெண்டுமே நல்ல நாள். ஆக 680 அப்படியே நிக்கும்! முதல் 380 நாளும் விழுந்து முடிஞ்சு, திருச்சி நாள் விழ ஆரம்பிச்சாதான் கணக்கு ஏறும். 380 பிளஸ் 50... 430 நாள். அது வரைக்கும் மாமா கூட ஒரே வீட்டுல இருக்கணும். வாடகை ஒப்பந்தம், ரெசிடென்ஸ் விசா, குழந்தையோட ஸ்கூல் பேப்பர், எல்லாத்தையும் ஆதாரமா சேர்த்து வைக்கணும்.

இப்பவே விண்ணப்பிச்சு, குழந்தை நலன் மாதிரி மனிதாபிமானக் காரணம் சொல்லியும் கேட்கலாம். சட்டத்துல இடம் இருக்கு. மறுத்தா 60 நாளுக்குள்ள அப்பீலும் பண்ணலாம். ஆனா அது அதிகாரி மனசைப் பொறுத்தது. பி.ஆரே போனாலும் மாமா மறுபடி ஸ்பான்சர் பண்ணலாம். அதுக்கும் மாமா மனசு வைக்கணும், கனடாவுக்குத் திரும்பி வாழப் போறோம்னு காட்டணும். அக்கா யோசிச்சு, காத்திருக்கறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க.

அமெரிக்கால இருக்கற உங்க அக்காவுக்கு இதைச் சொல்லி ஆறுதல் கொடுத்துடாதீங்க. அங்கே புருஷன் சிட்டிசனா இருந்து துபாய்ல தனியார் வேலை பார்த்தா, கிரீன் கார்டு மனைவிக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒரு வருஷத்துக்கு மேல வெளியே தங்கறதா இருந்தா, கிளம்பறதுக்கு முன்னாடி அமெரிக்காவுக்குள்ள இருக்கும்போதே ரீ-என்ட்ரி பர்மிட்டுக்கு விண்ணப்பிக்கணும். அதிகபட்சம் ரெண்டு வருஷம்.

எனக்கு உறுத்தறது வேற. கனடா சிட்டிசன்ஷிப் வேணும்னா அஞ்சு வருஷத்துல 1,095 நாள் நேர்ல அங்கேயே இருக்கணும். மாமா கூட துபாய்ல இருந்த நாள் ஒண்ணு கூட அதுல சேராது. அதாவது அந்தச் சலுகை அக்காவோட பி.ஆரைக் காப்பாத்தும், மாமா பாஸ்போர்ட்டை நம்பி இருக்கற நிலைமையை மாத்தாது. எம்.எஸ்சி. முடிச்ச பொண்ணு. டொரன்டோல வேலை பார்க்கணும்னு போனவங்க.

430 வரிசை போட்டு ஒரு எக்செல் ஷீட் அனுப்பி வெச்சேன். தினமும் ஒரு டிக். நேத்து ராத்திரி அக்கா போன். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. "மாமாவுக்கும் எனக்கும் பெரிய சண்டைடா. குழந்தையைத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிடலாம்னு பெட்டி கூட எடுத்துட்டேன். அப்புறம் உன் எக்செல் ஞாபகம் வந்துச்சு"ன்னு சிரிச்சாங்க.

எனக்குச் சிரிப்பு வரலை. "இன்னைக்கு டிக் போட்டியாக்கா?"ன்னு கேட்டேன்.

"போட்டுட்டேன். இருபத்தேழு."